நல்ல தோலில் ஓர் ஓட்டை

படுத்த மாட்டைச் சாட்டையால் அடிப்பவன் வண்டிக்காரனே இல்லை என்பது சடையாண்டியின் கட்சி. படுப்பதற்கு முன்னால் அது என்ன தின்றது, எங்கே தண்ணீர் குடித்தது, எந்தக் காலைத் தாங்கி நடந்தது என்று யோசிக்கிறவன்தான் வண்டிக்காரன். பதினெட்டு வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பதனிடாத பச்சைத்தோல் ஏற்றிவந்து திண்டுக்கல் தோல் மண்டிகளில் இறக்கியவருக்கு இப்படி ஒரு கட்சி இருப்பதில் தப்பில்லை. ஆனால் 1957-ல் கார் ஓட்டப் போன பிறகும் அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

காரின் சொந்தக்காரர் பேகம்பூர் அப்துல் கையூம். தோல் பதனிட்டு மெட்ராசுக்கு அனுப்புகிறவர். ஒவ்வொரு தோலையும் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் போச்சு, தோல் ஓரமாகப் போய் விழும். ஓட்டைத்தோலைத் தான் வாங்கியதுமில்லை, விற்றதுமில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அவர்தான் ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கி, சடையாண்டியை லாரியில் பழக வைத்து, லைசென்சும் எடுத்துக்கொடுத்து ஸ்டியரிங்கில் உட்கார வைத்தவர். தங்கமான மனசு, வாய்தான் மனசுக்கு முன்னால் ஓடும். கார் ஓட்ட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியும், யாராவது கேட்டால் "நம்ம வண்டிக்காரன்" என்றுதான் சொல்வார். சடையாண்டிக்கு அது உள்ளே சுருக்கென்று குத்தும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

ஒரு நாள் கையூமின் மனைவி குர்ஷித் பேகத்துக்குக் காரில் போகும்போது பெட்ரோல் வாடை குமட்டிக்கொண்டு வந்தது. "நம்மகிட்ட இல்லாத தோலா?" என்று கையூம் தன் கையாலேயே மெழுகேற்றிய தோல் ஒன்றை வட்டமாக வெட்டி, பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கம் கச்சிதமாக ஒட்டினார். வாடை நின்றது. பேகம் மெச்சினார். கையூம் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே பேசவில்லை.

அதற்கப்புறம்தான் காருக்குச் சனி பிடித்தது. ஊருக்குள் ஓடும்போது ஒரு குறை சொல்ல முடியாது. வெளியூர்ச் சாலையில் ஏழெட்டு மைல் போனதும் இருமும், குலுங்கும், நின்றுவிடும். செல்ஃபை இழுத்தாலும் சரி, முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினாலும் சரி, உயிர் வராது. ரெட்டியார்சத்திரத்தில் மூன்று தடவை நின்றது. ஆத்தூர் போகும் வழியில் ஒரு தடவை நின்றது.

மெக்கானிக் இருதயநாதன் வந்து காயில் மாற்றினார். கார் கிளம்பியது. அடுத்த தடவை வழியில் வந்த லாரி டிரைவர் பிளக்குகளைத் துடைத்துப் போட்டார். கிளம்பியது. இன்னொரு தடவை யாரோ பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றச் சொன்னார்கள். அதற்கும் கிளம்பியது. ஆளுக்கொரு வைத்தியம், எல்லாமே பலித்தது. நோய்தான் போகவில்லை. கடைசியில் எல்லாரும் ஒருமுகமாகச் சடையாண்டியின் கைதான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். "என் கையில என்னண்ணே இருக்கு, வண்டியிலதான் ஏதோ கோளாறு" என்று அவர் சொன்னபோது, "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்" என்று இருதயநாதன் சிரித்துவிட்டுப் போனார்.

கையூம் சிரிக்கவில்லை. "வர்ற வியாழக்கிழமை பழனிக்குப் போயி எம் மக நஜ்முன்னிசாவக் கூட்டிட்டு வரணும். தலைப்பிரசவம், ஏழு மாசம். புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னுச்சுன்னு வையி, மறுநாள் சாவியக் குடுத்துட்டுப் பழையபடி மாட்ட ஓட்டப் போயிரு."

மாடு எங்கே இருக்கிறது? கார் ஓட்ட வந்தபோதே இரண்டையும் விற்று, கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போட்டாயிற்று. அன்று சாயங்காலம் சடையாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அவர் மனைவி ஒச்சாயி செத்த நேரம் பார்த்தாள்.

"என்னய்யா, சோத்துல கோலம் போடுறியா?"

"எப்பப் படுக்குது, எங்க படுக்குதுன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போச்சுடி."

"படுத்ததையே எம்புட்டு நாளைக்கு யோசிப்ப? எந்திரிக்கத்தான செய்யுது? எந்திரிக்கிறதுக்கு முந்தி என்ன நடந்துச்சுன்னு யோசி."

சடையாண்டியின் கை தட்டிலேயே நின்றது. காயில், பிளக், ஈரத்துணி. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனால் இருதயநாதனாகட்டும், லாரி டிரைவராகட்டும், வந்ததும் முதல் கேள்வி "பெட்ரோல் இருக்கா?" என்பதுதான். இருக்கிறது என்று இவர் சொன்னால் நம்புவார்களா? மாட்டு வண்டிக்காரன் பேச்சு! டேங்க் மூடியைத் திறந்து, ஒரு வேப்பங்குச்சியை விட்டுப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. எவ்வளவு இருக்கிறது என்று இவருக்கு மனப்பாடம், அதனால் கார் நின்றபோது இவர் மட்டும் ஒரு நாளும் மூடியைத் திறந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு வேலையாக அவரைத் தனியே கன்னிவாடிக்கு அனுப்பினார்கள். எட்டாவது மைலில் கார் இருமி நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது நின்றதற்கு அவர் சந்தோஷப்பட்டார். வேறு எதையும் தொடவில்லை. நேரே போய் டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம், காற்று உள்ளே பாய்ந்தது. வந்து செல்ஃபை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. குருட்டாம்போக்கில் நடந்ததாக இருக்கக் கூடாதே என்று மூடியை இறுக்கி, கன்னிவாடி வேலையை முடித்துவிட்டுத் திரும்பினார். மறுபடி நின்றது, மறுபடி திறந்தார், மறுபடி கிளம்பியது. அப்புறம் மூடியை லேசாக வைத்து ரெட்டியார்சத்திரம் வரை போய்வந்தார். கார் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. ஆளில்லாத ரோட்டில் சடையாண்டி "ஒச்சாயி!" என்று கத்தினார்.

ஊர் எல்லைக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தார். கண்டுபிடித்தாயிற்று, யார் போய்ச் சொல்வது? கையூம் தோலில் குற்றம் என்று சொன்னவன் பேகம்பூரில் இன்னும் பிறக்கவில்லை. சொல்லாமல் மூடியை இரண்டு சுற்றுத் தளர்த்தி வைத்துவிட்டு ஓட்டலாம். பெட்ரோல் சிந்தும், பேகத்துக்குக் குமட்டும், மறுபடி யாராவது இறுக்குவார்கள். வேண்டாம் என்று நேரே முதலாளி வீட்டுக்குப் போனார்.

"மொதலாளி, கோவிச்சுக்கப்படாது. வண்டிய நிறுத்துறது நீங்க ஒட்டுன தோலுதான்."

கையூமின் முகம் சிவந்தது. "என் தோலையா குத்தம் சொல்ற? மெட்ராஸ் வியாபாரிகூடச் சொன்னதில்லப்பா!"

"தோல்ல குத்தமே இல்ல, மொதலாளி. அம்புட்டு நல்ல தோலு. மூடியில காத்துப் போறதுக்குன்னு இருக்குற ஓட்டைய அப்பிடியே அடச்சிருச்சு. பெட்ரோல் கொறையக் கொறைய உள்ள காத்துப் போகணும்ல? போகலன்னா பம்பு எம்புட்டு இழுத்தாலும் வராது. மூடியத் தெறந்தா உஸ்ஸுன்னு காத்துப் போகுது, வண்டி கெளம்பிருது. காயிலும் இல்ல, பிளக்கும் இல்ல."

கதவுக்குப் பின்னாலிருந்து குர்ஷித் பேகம் சிரிப்பது கேட்டது.

"என்னங்க, எண்ணெய் டின்னுல ஒரே ஓட்டை போட்டா ஒழுங்கா ஊத்துமா? காத்துக்கு இன்னொன்னு போடுறதில்ல? அடுப்படிப் பக்கம் வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"உனக்குக் குமட்டுதுன்னுதான ஒட்டுனேன்?"

"நான் ஒரு சிறுமலை எலுமிச்சம்பழத்தக் கையில வச்சுக்கிறேன். நீங்க ஓட்டையப் போடுங்க."

மூடி வந்தது, குத்தூசி வந்தது. கையூம் ஊசியைத் தோலில் வைத்துவிட்டு வைத்தபடியே நின்றார். ஓட்டைத்தோலை ஓரம் தள்ளியே தலை நரைத்தவர், நல்ல தோலில் தானே ஓட்டை போடுவதென்றால் சும்மாவா? பார்த்துக்கொண்டிருந்த சடையாண்டிக்கே பாவமாக இருந்தது. கடைசியில் "பிஸ்மில்லா" என்று கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். மூடியை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது.

"வியாழக்கிழமை பாப்போம்" என்றார். சாவியைப் பற்றிச் சொன்னதை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை பழனி போய்ச் சேரும் வரை கார் எங்கும் நிற்கவில்லை. நஜ்முன்னிசாவைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போதும் கையூம் முன்சீட்டில் உட்கார்ந்து மைல்கல்லையே எண்ணிக்கொண்டு வந்தார். ஒட்டன்சத்திரம் தாண்டியது. ரெட்டியார்சத்திரம் கண்ணில் பட்டபோது பின்னாலிருந்து நஜ்முன்னிசா கூப்பிட்டாள்.

"வாப்பா, தொண்டை வறளுது. எளநி வாங்கித் தாங்க."

கையூம் சடையாண்டியைப் பார்த்தார். ஓடுகிற காரை, அதுவும் அந்த இடத்தில், நிறுத்தலாமா? சடையாண்டி ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார்.

புளியமரத்தடியில் இளநீர் விற்கும் சிவனம்மாளுக்கு இந்தக் காரை நன்றாகத் தெரியும். மூன்று தடவையும் அவள் கடை முன்னால்தானே நின்றது? அரிவாளோடு எழுந்து வந்தாள்.

"இன்னைக்கும் நின்னு போச்சா, மொதலாளி?"

"நிக்கலத்தா" என்றார் கையூம். "எங்க டிரைவர் நிறுத்தியிருக்காரு. நல்ல எளநியா முதல்ல அவருக்கு ஒண்ணு சீவு."

சடையாண்டி இளநீரை வாங்கிக்கொண்டு காருக்கு மறுபக்கம் போய் நின்றுதான் குடித்தார். எல்லாரும் ஏறிய பிறகு செல்ஃபை இழுத்தார். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து திண்டுக்கல் ஏழெட்டு மைல். ரோடு கலங்கலாகத் தெரிந்ததால், எதிரே ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் வழிநெடுக ஹாரனை அடித்துக்கொண்டே போனார்.