ஒடிண்டோவுக்கு அவள் வைத்த பெயர்

கிசுமு நகரத்தில் பத்து மணித் தேநீரைத் தவறவிட்டவர் அலுவலகத்தையே தவறவிட்டவர் மாதிரிதான். யார் விடுப்பில் போவது, எந்தக் கணினியின் பூட்டை மாற்றுவது, யாருடைய மாமனார் ஊரிலிருந்து வந்து நகர மாட்டேன் என்கிறார், எல்லாம் அந்த மேசையில்தான் முடிவாகும். பிறகு நடக்கிற கூட்டமெல்லாம் ஒப்புக்கு. ஆசிரியர் சேமிப்புச் சங்கத்தின் கணினிக் காவல் பிரிவிலும் இதே கதைதான்.

அகேயோவும் அந்த மேசையில் தினமும் உட்காருவாள். கையில் தேநீர், எதிரே எண்ணெயில் பொரித்த மண்டாஸி ரொட்டித் தட்டு. சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சல் போகும்போது காதையும் கொண்டுபோய்விட்டது. உதடுகளைப் படிக்க அவளுக்குத் தெரியும். ஆனால் ஐந்தாறு பேர் மண்டாஸியை மென்றுகொண்டே ஒரே நேரத்தில் பேசினால் எந்த வாயைப் படிப்பது? ஒருவர் ஏதோ சொல்வார், மேசையே குலுங்கிச் சிரிக்கும். அவள், பக்கத்திலிருக்கும் ஒடிண்டோவின் கையைத் தொட்டு, என்ன என்று புருவத்தால் கேட்பாள்.

ஒடிண்டோ நல்லவன். வாயாடி, சிரிப்பு மூட்டுவதில் மன்னன், மனதில் கள்ளம் கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டே புறங்கையைக் காற்றில் தள்ளிவிட்டுச் சொல்வான்:

"அப்புறம் சொல்றேன், தாயே."

அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. அவளாக நினைவூட்டினால், "அட, அது ஒண்ணுமில்ல, சும்மா" என்பான். சும்மாதான் இருக்கட்டுமே! அந்தச் சும்மா எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று அவள் நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும். அவள் ஏங்கியது பெரிய விஷயங்களுக்கு அல்ல. சிரிப்பு அடங்குவதற்குள் தானும் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அலுவலக வாசலில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார்கள். சோமாலிப் பெண், லூயா இனத்து ஆண், சக்கர நாற்காலிக்காரர், நடுவில் அகேயோ. எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். "எல்லோரும் சேர்ந்தால்தான் காவல்" என்று கீழே எழுத்து. படத்தில் அவள் எதற்குச் சிரித்தாள் தெரியுமா? புகைப்படக்காரர் சிரிக்கச் சொல்லிக் கைகாட்டினார், சிரித்தாள்.

மாலையில் வீட்டுக்குப் போனால்தான் அவள் கைகளுக்கு உயிர் வரும். கணவன் ஒகும்புவுக்கும் காது கேட்காது. உகாலிக் களியைப் பிட்டு மீன் குழம்பில் தொட்டுக்கொண்டே அலுவலகத்துக் கதைகளை அவனுக்குக் கையால் சொல்வாள். காது கேளாதவர்கள் பேச்சில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கைப்பெயர் உண்டு. எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் மீன் ஆறிவிடும் என்பதால், ஆளின் ஒரு அடையாளத்தைப் பிடித்துப் பெயராக்கிவிடுவார்கள். மேலாளர் பராசாவுக்கு, தொப்பையின் மேல் டையைத் தடவிவிடுகிற பெயர். ஒடிண்டோவுக்கும் ஒன்று வைத்திருந்தாள். இத்தனை பேரில் ஒருவராவது தன் கைப்பெயர் என்ன என்று அவளைக் கேட்டதில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அந்த மாதம் சியாயாவில் அவள் படித்த காது கேளாதோர் பள்ளியிலிருந்து தலைமையாசிரியை செய்தி அனுப்பியிருந்தார். கணினி ஆசிரியர் வேலை காலியாக இருக்கிறது, வருகிறாயா?

"போயிடலாம். அங்க சாப்பாட்டு மேசையில எல்லாருக்கும் கைதான் வாய்," என்றான் ஒகும்பு கைகளால்.

ஆனால் கணினித் திருடர்களைப் பிடிக்கிற இந்த வேலை அவளுக்கு உயிர். போகவும் மனமில்லை, இருக்கவும் முடியவில்லை. திங்கட்கிழமைக்குள் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பராசா மொம்பாசாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். தேநீர் முடிந்து எல்லோரும் இருக்கைக்குத் திரும்பியபோது ஒடிண்டோவின் கைப்பேசி அடித்தது. அவன் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று பேசினான். நம் ஊரில் யாரும் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவதில்லை. வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, மழை வந்ததா என்று ஒரு சுற்றுச் சுற்றித்தான் வருவார்கள். அவனும் சுற்றினான். பிறகு அவளிடம் ஓடிவந்து, அவள் திரையைச் சுட்டிக் காட்டினான்.

வெளியாள் ஒருவர் சங்கத்தின் சர்வருக்குள் நுழைய வேண்டுமென்றால் இரண்டு பேர் ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். ஒடிண்டோ தன் பொத்தானை அழுத்திவிட்டிருந்தான். மிச்சம் அவளுடையது.

"பாஸ் பேசுறார். ஒரு பழுதுபார்க்கிறவரை உள்ள விடணுமாம். அழுத்து."

எதற்கு, யார் அவர் என்று அவள் புருவத்தால் கேட்டாள்.

ஒடிண்டோ புறங்கையைக் காற்றில் தள்ளினான். "அப்புறம் சொல்றேன் தாயே, முதல்ல அழுத்து!"

இத்தனை காலமும் பொறுத்த பொறுமை அந்த ஒரு நொடியில் அறுந்தது. அவளுக்குச் சந்தேகமெல்லாம் எதுவும் வரவில்லை. அழுகைதான் வந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினாள். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்துக் கைப்பேசியில் தட்டிக் காட்டினாள்: "என் கையால திறக்கணும்னா எனக்கும் சொல்லணும். அவரையே சொல்லச் சொல்லு. முகத்தைக் காட்டச் சொல்லு."

"அடம் பிடிக்காதே! எங்கம்மா முட்டிவலியைக்கூட விசாரிச்சார். அவரைப் போய் முகத்தைக் காட்டுன்னு எப்படிக் கேப்பேன்?"

ஆனாலும் கேட்டான். சிக்னல் சரியில்லை, வீடியோ வராது என்று பதில் வந்தது. அதற்குள் அகேயோ பராசாவின் எண்ணுக்கே செய்தி அனுப்பியிருந்தாள்: "யாரை உள்ள விடணும்? காரணம் எனக்கும் சொல்லுங்க." உடனே பதில் வந்து விழுந்தது.

"யாரை? நான் மாநாட்டுல உக்காந்திருக்கேன். யாரையும் விடச் சொல்லலையே."

அவள் திரையை ஒடிண்டோவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் காதில் இன்னும் பராசாவின் குரல் பேசிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு திருடன் அவருடையதைப் போலவே இயந்திரத்தில் வார்த்தெடுத்த போலிக் குரல். அம்மாவின் முட்டிவலி ஒன்றும் ரகசியமில்லை. அவனே அலுவலகத்து வாட்ஸாப் குழுவில் புலம்பியதுதான், அதை எந்தப் புண்ணியவான் வெளியே விட்டானோ. ஒடிண்டோ அழைப்பைத் துண்டித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் வாய் மூடியிருந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமைத் தேநீரில் பராசா எழுந்து நின்று பேசினார். எல்லோரும் அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். என்ன சொல்கிறார் என்றே தெரியாமல் அவளும் சிரித்து வைத்தாள், வாசல் படத்தில் சிரித்த அதே சிரிப்பு. தன்னைப் பற்றிய பாராட்டுகூடத் தன்னைத் தாண்டித்தான் போகிறது. பள்ளிக்கு "வருகிறேன்" என்று அப்போதே எழுத, மேசைக்கு அடியில் கைப்பேசியை எடுத்தாள்.

யாரோ நாற்காலியை இழுத்தது மேசை வழியாக அதிர்ந்தது. ஒடிண்டோ தன் நாற்காலியைத் திருப்பி, மேலாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்திருந்தான். வாயை மெதுவாகத் திறந்து, புரியாத இடத்தில் கைப்பேசியில் தட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னான். "உனக்குக் காது கேக்காததால நாம பிழைச்சோம்ங்கிறார்."

அவள் தட்டினாள்: "காது இல்ல காரணம். எனக்கும் சொல்லுன்னு கேட்டேன். காது இருந்திருந்தாலும் கேட்டிருப்பேன்."

அவன் எழுந்து அதை உரக்கப் படித்தான். கைதட்டல் நின்றது. பராசா டையைத் தடவிக்கொண்டே நின்றார். கடைசியில், இனி யாரிடம் ஒப்புதல் கேட்டாலும் காரணத்தை அவர்களுக்கே நேரில் சொல்லியாக வேண்டும், தேநீர் மேசையில் பேசுவதெல்லாம் எழுத்தில் வந்தால்தான் முடிவு என்றார். ஒடிண்டோ அதையும் சொன்னான்.

பிறகு கொஞ்சம் தயங்கினான்.

"உங்க ஆளுங்க எல்லாருக்கும் கையாலேயே பேர் வைப்பாங்களாம். ராத்திரி போன்ல பாத்தேன். எனக்கு இருக்கா?"

அகேயோவுக்கு முகம் சூடானது. பொய் சொல்லிவிடலாம். அழகான பெயர் எதையாவது காட்டிவிடலாம். ஆனால் அவளை ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை, அதற்குப் போய்ப் பொய் சொல்ல மனம் வரவில்லை. மெல்ல வலது கையைத் தூக்கி, புறங்கையைக் காற்றில் தள்ளிக் காட்டினாள்.

ஒடிண்டோ அந்தக் கையைப் பார்த்தான். தன் கையைத் தூக்கி அதேபோல் ஒருமுறை தள்ளிப் பார்த்தான். அது எங்கே பார்த்த கை என்று அவனுக்குப் புரிந்தபோது கண்கள் தாழ்ந்தன.

"மாத்துவியா?" என்று கேட்டான்.

அவள் தோளைக் குலுக்கினாள். பார்க்கலாம் என்று அர்த்தம். மேசைக் கடைசியில் யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஒடிண்டோ சிரிக்கவில்லை. அவசர அவசரமாக அதைக் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்தான். படித்துப் பார்த்தாள். மாமனாரும் நீர்யானையும் என்று ஏதோ ஒரு படுமட்டமான ஜோக். இதற்காகவா இத்தனை வருஷம் ஏங்கினேன்! ஆனால் மேசை இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளும் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணிலும் நீர் வந்துவிட்டது.

மடியில் கைப்பேசி திறந்தபடியே இருந்தது. தலைமையாசிரியை காத்திருந்தார். "அப்புறம் சொல்கிறேன்" என்று தட்டி அனுப்பினாள் அகேயோ.