வார் இல்லாத வாட்ச்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, இலங்கையில் யுத்த காலம். கலஹாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் எனக்கு வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாடி பார்க்க வினாடி முள் உள்ள வாட்ச் வேண்டும். பேட்டரி வாட்ச் வாங்கியிருந்தால் வம்பே இல்லை. எனக்கோ சாவி கொடுக்கிற பழைய வாட்ச் மேல் ஆசை. ஒரு சனிக்கிழமை பகல் அதற்காகவே கண்டிக்குப் போனேன்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் வாட்ச் திருத்தும் முஸ்லிம் நானா ஒருவர் பழைய வாட்ச்களும் விற்றார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அவர் முன்னால் பெரிய கெட்டிக்காரி போல நடந்துகொண்டேன். கண்ணாடியில் கீறல் உண்டா, உள்ளே கறை உண்டா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்டேன்.

"பின் மூடியத் தொறந்து காட்டுறேன் தங்கச்சி. பழசு வாங்குறவங்க அதத்தான் மொதல்ல பாக்கணும்" என்றார்.

"வேணாங்க நானா, ஒங்க மேல நம்பிக்கை இருக்கு" என்றேன். நம்பிக்கையாவது ஒன்றாவது! உள்ளே பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்காது, அது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வியர்வை ஊறி நாறிய தோல் வாரை மட்டும் கழற்றச் சொன்னேன். அந்த அளவில் புது வார் அவரிடம் இல்லை. வாட்ச்சைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் சோதனை. சிப்பாய் பைக்குள் கைவிட்டு அந்தப் பொட்டலத்தை எடுத்தார். காதருகே பிடித்தார், டிக் டிக் என்றது. மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். வரிசையில் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். தமிழ்ப் பெண்ணின் பைக்குள் வாரில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் வாட்ச் என்றால் அந்த நாளில் வெடிகுண்டுக்கு நேரம் வைக்க என்றுதான் அர்த்தம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பக்கத்துப் பொலிஸ் காவலரணுக்குக் கொண்டுபோனார்கள். அதிகாரி கத்தியால் பின் மூடியை நெம்பித் திறந்தார். மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறியது போல எழுத்துகளும் எண்களும். யார் எழுதியது, எந்த இடம், எந்தத் தேதி என்று சிங்களத்தில் அதட்டினார். தெரிந்த கொஞ்சநஞ்சச் சிங்களமும் எனக்கு வாயில் வரவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இப்படிப் பிடிபட்ட ஒருவர் வீடு திரும்ப ஏழு மாதமானது. அம்மாவிடம் சொல்லாமல் வந்திருந்தேன். நான் எங்கே போனேன் என்று தேடக்கூட அவருக்கு வழி தெரியாது.

எப்படியோ கடையைச் சொன்னேன். நானாவை அழைத்துவர ஒரு கான்ஸ்டபிள் போனார். அரைமணி நேரம் காத்திருந்தேன். கடையில் பில் எழுதித் தரவில்லை. இவளை எனக்குத் தெரியாது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது.

நானா வந்தார். தொப்பியைக் கழற்றிக் கசக்கிக்கொண்டே, வாட்ச்சை விற்றதும் வாரைக் கழற்றியதும் தானே என்றார். வாட்ச்சைத் திருத்துகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் உள்ளே கீறி வைப்பது வழக்கம், கடைசிக் கீறல் தன்னுடையது என்றார். அதிகாரி நம்பவில்லை. "அப்படியானால் நீயும் கூட்டு" என்றார்.

அதிகாரி கையில் கட்டியிருந்ததும் பழைய வாட்ச்தான். நானா அதைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டார். கத்தி இரண்டு தடவை வழுக்கியது. மூடி திறந்தது. உள்ளே அதே மாதிரி மூன்று வரிக் கீறல்கள். அதிகாரி இரண்டு மூடிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு இருவரையும் போகச் சொன்னார்.

வெளியே வந்ததும் அழுதுவிட்டேன். பஸ் வரும்வரை நானா பக்கத்தில் நின்றார்.

"அழாதீங்க தங்கச்சி. நானும் பயந்துதான் போனேன், பொலிஸ் வந்து கேட்டப்ப ஒங்களத் தெரியாதுன்னு சொல்லத்தான் மொதல்ல வாய் வந்திச்சி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று என் உயிர் அவர் விழுங்கிய அந்த ஒரு சொல்லில் இருந்தது. அவரிடத்தில் நான் இருந்திருந்தால் அதை விழுங்கியிருப்பேனா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குப் பதில் சொல்லப் பயமாக இருக்கிறது.