இடப்பக்கத்து வைக்கோல்

வண்டிக்கார அக்காவுக்கு எதையும் கை வைத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். குதிரையின் குளம்பில் சூடு ஏறியிருக்கிறதா, வண்டி அச்சு காய்ந்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் உள்ளங்கைதான். "அக்காகிட்ட மட்டும் செங்கல் ஆறிடுச்சுன்னு பொய் சொல்ல முடியாது" என்று சூளைக்காரர் சிரிப்பார்.

சூளையிலிருந்து செங்கல் இழுக்க அவளிடம் இருந்தது அந்த ஒரே பெண்குதிரை. அதற்குப் பதினான்கு வயது. இன்னும் நான்கைந்து வருடம் இழுக்கும், பிறகு? பழகிய குதிரை வாங்க வழியில்லை. இதனிடமே ஒரு குட்டி எடுத்துவிட்டால், இது ஓய்கிற நேரத்தில் அது வண்டிக்கு வந்துவிடும்.

"ஒரு பழைய மூணு சக்கர வண்டி வாங்குக்கா. அதுக்குப் பிரசவம் பார்க்க வேணாம்" என்றான் கூடவே இருந்த தம்பி.

"அது புல்லைத் தின்னுட்டு ஓடுமாடா?"

வாயடித்தாளே தவிர, பல நாள் யோசித்திருந்தாள். பொலிகுதிரைக்காரருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். டாக்டரம்மா மூன்று முறையாவது வரவேண்டும். சினை பதினொரு மாதம். கடைசி மூன்று மாதம் பாரம் இழுக்கக் கூடாது, குட்டி போட்ட பிறகும் இரண்டு மாதம் சும்மா நிற்கும். அதுவரை தம்பி சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். அதையெல்லாம் சமாளித்துவிடலாம். இந்த வயதில் முதல் சினை. குதிரையே போய்விட்டால்?  இருந்தும் பொலிகுதிரையோடு சேர விட்டாள்.

பதினைந்தாம் நாள் டாக்டரம்மா ஸ்கேன் கருவியோடு வந்தார். திரையில் இரண்டு கறுப்பு மணிகள் தெரிந்தன.

"ரெட்டை. ஆடுன்னா சந்தோஷப்படலாம், குதிரை தாங்காது. ரெண்டும் செத்து, தாயும் போயிடலாம். ஒண்ணை இன்னைக்கே நசுக்கிடணும்."

"எதை டாக்டரம்மா?"

"கைக்கு எது வருதோ அது. இடப்பக்கத்துது தனியா இருக்கு. பண்ணிடவா?"

"சரி" என்றாள், கதவைச் சாத்தவா என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல. டாக்டரம்மா உள்ளே கை விட்டு நசுக்கியபோதும் குதிரை அசையவில்லை. தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றது.

அதுவரை லாயத்தின் நடுவில் நின்ற குதிரை, அந்த வாரத்திலிருந்து வலப்பக்கச் சுவரோடு ஒட்டி நின்றது. இடப்பக்க வைக்கோலில் காலையில் ஒரு சின்னக் குழி இருந்தது. நாய் வந்து படுத்திருக்கும் என்று நினைத்தாள். வைக்கோலைச் சமமாகப் பரப்பி, கதவைத் தாழிட்டு, ஜன்னலில் சாக்கை அடைத்தாள். மறுநாளும் குழி இருந்தது.

"எலிதான்க்கா."

"இவ்வளவு பெரிய எலியா?"

"நம்ம தீவனம் தின்ன எலியாச்சே" என்று சிரித்தான் தம்பி. ஆனால் அதன்பிறகு அந்தப் பக்கம் அவன் கால் வைக்கவில்லை.

மாதம் ஏற ஏறக் குதிரையின் வயிறு பெருத்தது. குழியும் கூடவே பெருத்தது.

ஒரு நடுப்பகலில் குட்டி விழுந்தது. தவிட்டு நிறம், நீண்ட கால்கள். தாய் நக்கிக் காயவைத்தது. ஒரு மணி நேரத்தில் குட்டி தள்ளாடி எழுந்தும்விட்டது. சந்தோஷத்தில் பயத்தை மறந்த தம்பி, குட்டிக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று இடப்பக்க வைக்கோலை முழுதும் வாரி வலப்பக்கம் போட்டான்.

குதிரை காதை மடக்கிக் கத்தியது. குட்டி மடியைத் தேடி வந்தபோது காலை உதறி விரட்டியது. கறக்கவும் விடவில்லை. அக்கா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஊசி எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன், ஆனா வந்து சேர நேரமாகும். சீம்பால் சீக்கிரம் உள்ள போகணும். இல்லேன்னா குட்டி தேறாது."

மூன்று மணி நேரம் கடந்தது. குட்டி படுத்துவிட்டது. வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்தாள். நாக்கு சில்லிட்டிருந்தது. குதிரையோ குட்டியைப் பார்க்காமல், இடப்பக்கத்து வெறுந்தரையையே முகர்ந்து முகர்ந்து சுற்றியது.



"டேய், எடுத்த வைக்கோலை அங்கேயே போடு."

"எதுக்குக்கா?"

"போடுடான்னா!"

இருவருமாகப் பரப்பினார்கள். குதிரை தலையைத் தாழ்த்தியது. குட்டியை நக்கியது போலவே நீள நீளமாக வைக்கோலை நக்கியது. வெகுநேரம் நக்கியது. பிறகு பெருமூச்சு விட்டு, பின்னங்காலை மெதுவாக அகற்றி நின்றது. அக்கா குட்டியைத் தூக்கி மடியில் சேர்த்தாள். முதலில் வாய் வழுக்கியது. அப்புறம் உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அக்கா..." தம்பி இடப்பக்க வைக்கோலைக் காட்டினான். "நாம சமமாத்தானே பரப்பினோம்?"

குழி விழுந்திருந்தது.

"கை வச்சுப் பாரேன். சூடு இருக்கான்னு..."

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு அதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம்."

இப்போது அந்தக் குட்டிக்கு இரண்டு வயது. வண்டியை ஒட்டியே நடந்து பழகுகிறது. லாயத்தில் அக்கா தினமும் வைக்கோல் மாற்றுகிறாள். வலப்பக்கத்தைக் கையால் தட்டித் தட்டிப் பரப்புகிறாள். இடப்பக்கத்தை மட்டும் வாசலிலேயே நின்று நீளக் கம்பால் தள்ளிவிடுகிறாள்.