தையல் விட்ட மூடி

மூடியைத் திரையில் கவிழ்த்துப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. யாரோ எங்கோ வரைந்த கணினிக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு வடிவமைப்பவர்களுக்கு இந்த வெறுமை பழக்கமானது. கணினியில் கட்டியாகத் தெரிவது வெறும் தோல், அதுவும் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒன்றோடொன்று ஒட்டாமல். அவற்றைத் தைத்து, கனம் கொடுத்து, எதிர்வடிவத்தை இரும்பில் குடைய வழி செய்ய வேண்டும். அந்தக் குழிக்குள் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தினால் மூடி வரும்.

ஹட்டனில் பிளாஸ்டிக் வாளியும் பேசின் பாத்திரமும் வார்க்கும் நிஸார் நானாவுக்கு, தேயிலை டின்களுக்கு மூடி செய்யும் வேலை கிடைத்திருந்தது. இறம்பொடையில் அருவி பார்க்க வருபவர்களுக்கு விற்கும் டின்கள். அச்சுகளை எப்போதும் கொழும்பில் செய்விப்பவர், முதல் தடவையாக எங்களிடம் கொடுத்தார். எங்களிடம் என்றால், தேயிலை பெக்டரிகளுக்கு உதிரிப்பாகம் கடைந்துகொண்டிருந்த செல்வம் அண்ணனும் கொழும்பு வேலையை விட்டு ஊருக்கு வந்த நானும். இது சரியாக வந்தால் பட்டறை நிற்கும். கெட்டால் நான் மறுபடி கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும்.

கோப்பிலுள்ள துண்டுகளைத் தைக்க ஒரு வாரமாவது வேண்டும் என்று நானாவிடம் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார். மூடி பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"படம்தான் வந்தீக்கிதே மகள், இனி என்ன வேலை?"

அங்குலம்

வரைந்தவர் வெளிநாட்டில் இருந்தார். அவர் அங்குலத்தில் வரைந்திருக்கிறார். என் கணினி அதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. திரையில் எல்லாமே ஒரே அளவாகத்தான் தெரியும் என்பதால் கவனிக்கவில்லை. விளிம்பின் உயரத்தை அளந்தபோதுதான் சந்தேகம் வந்தது. மொத்த மூடியையும் அளந்தேன். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது.

செல்வம் அண்ணன் டீக் கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"சரிதான் தங்கச்சி. எறும்புங்க கொழுந்து எடுத்துட்டு வந்தா நம்மகிட்டதான் டின்னு வாங்கும்."

வட்டிலப்பம்

மூடியின் மேல் புடைப்பாக இரண்டு இலையும் ஒரு கொழுந்தும். ஓர் இலையின் ஓரம் அழகாகக் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது. அழகுதான் பிரச்சினை. அச்சு நேராகத்தான் திறக்கும். சுருண்ட ஓரம் இரும்பைக் கொக்கி போலப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தை நிமிர்த்தி, பக்கச் சுவர்களுக்குக் கொஞ்சம் சரிவும் கொடுக்க வேண்டும் என்றேன். நானாவுக்கு மனமில்லை. வெளிநாட்டுக்காரன் போட்டதை நாங்கள் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டார்.

வாடிக்கையாளருக்குச் சரிவை விளக்கிப் பார்த்தவர்களுக்கு என் நிலைமை புரியும். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பத்தைக் கிண்ணத்திலிருந்து தட்டில் கவிழ்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாய் அகன்ற கிண்ணம் என்றால் வழுக்கி வந்துவிடும். வாய் குறுகியிருந்தால் உடைந்துதான் வரும். நானா உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

"அப்ப எங்கட ஊட்டுல குத்தம் கிண்ணத்துலயா? நான் இவ்வளவு காலமும் அவவை அல்லவா ஏசினேன்."

இலையை நிமிர்த்தச் சம்மதித்தார்.

எல்லாம் போட்டாச்சு

பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். அதற்காக அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டுவோம். சிலர் அந்தச் சுருக்கத்தைக் கோப்பிலேயே சேர்த்து அனுப்பிவிடுவார்கள். தெரியாமல் நாமும் சேர்த்தால் மூடி தொளதொளவென்று வரும். சேர்த்திருக்கிறீர்களா என்று வெளிநாட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டேன். எல்லாம் சேர்க்கப்பட்டுள்ளது, நன்றி என்று பதில் வந்தது. எதை என்று திரும்பக் கேட்டேன். முதலில் அனுப்பிய அதே கோப்பை வேறு பெயரில் அனுப்பினார்.

நானாவிடம் ஒரு டின்னை வாங்கி அதன் வாயை அளந்தேன். கோப்பிலிருந்த மூடி அந்த வாய்க்குக் கச்சிதமாகப் பொருந்தியது. சுருக்கம் சேர்க்கவில்லை என்று அர்த்தம். நான் சேர்த்தேன். அந்தப் பதிலை நம்பாதது சரியா என்று செல்வம் அண்ணனிடம் கேட்டேன்.

"எங்க வீட்டுலயும் கொழம்புக்கு உப்புப் போட்டாச்சான்னு கேட்டா, எல்லாம் போட்டாச்சுன்னுதான் சொல்லுவாங்க. நான் ஒரு வாய் வச்சுப் பாத்துட்டுத்தான் நம்புவேன்."

ஓட்டை

தையல் ஓரிடத்தில் மட்டும் நிற்கவே இல்லை. இலையின் நடுநரம்பும் ஓரங்களும் நுனியில் கூடும் இடம். கடைசியில், நம்மில் எல்லாரும் செய்கிற வேலையைச் செய்தேன்: இவ்வளவு இடைவெளி இருந்தால் பரவாயில்லை என்று கணினிக்கு அளவைத் தளர்த்திக் கொடுத்தேன். உடனே எல்லாம் சரி என்றது. அப்படிச் சட்டென்று ஒப்புக்கொண்டதால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

முதல் வெட்டைப் பார்க்க நானா வந்தார். பொகவந்தலாவையில் கடை வைத்திருக்கும் அவருடைய மச்சான் பாரூக்கும் கூட வந்தார். இரும்புக்கட்டி மெஷினில் ஏறித் தயாராக இருந்தது. எங்களிடம் இருந்தது அந்த ஒரு கட்டிதான். அதை இறக்கிவிட்டு முதலில் மரத்தில் வெட்டிப் பார்க்கலாம் என்றேன். பாரூக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொழும்புல குடுத்தீந்தா இந்நேரம் மூடி வித்தீக்கும்."

செல்வம் அண்ணன் இரும்பை இறக்கி மரக்கட்டையை ஏற்றினார். கட்டர் இலையின் மேல் சாதுவாகப் போய்வந்தது. நுனிக்கு வந்ததும், கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிக்குள் நேராக இறங்கியது. மரத்தூள் பறந்தது. அண்ணன் மெஷினை நிறுத்தினார். நானா குனிந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் பாதி உள்ளே போனது.

"மகள், நீங்க ஆறுதலா, அவசரப்படாமச் செய்ங்க. மச்சானுக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது."

நுனியிலிருந்த துண்டுகளை எல்லாம் அழித்துவிட்டு, அந்த இடத்தை ஒரே தோலாக நானே வரைந்தேன். மறுபடி மரத்தில் வெட்டினோம். ஓட்டை விழவில்லை. அதன் பிறகுதான் இரும்பு ஏறியது.

டின்

நானாவின் தொழிற்சாலையில் அச்சைப் பூட்டியதும் முதலில் வந்த மூடிகள் அரைகுறையாக இருந்தன. அது வழக்கம். பிறகு ஒன்று முழுதாக வந்தது. பாரூக் அதைச் சுடச்சுட எடுத்து டின்னில் வைத்தார். மூடி ஆடியது.

"லூசா ஈக்கே" என்றார்.

ஆறட்டும் என்றேன். வெளியே மழை. செல்வம் அண்ணன் தன் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுருக்கத்தைச் சேர்த்தது நான்தான். தப்பென்றால் அது இரும்பிலும் தப்பு; இனி அழிக்க முடியாது.

மூடி ஆறியதும் நானா அதை டின்னில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. மூடியை மட்டும் பிடித்து டின்னைத் தூக்கினார். டின் கூடவே வந்தது. உலுக்கினார். விழவில்லை.

"சீனி டப்பாவுக்கும் ஒரு படம் ஈக்கிது மகள்" என்றார் நானா. "அதே ஆள்தான் வரைஞ்சது. நாளைக்கே அனுப்பச் சொல்றேன்."

இந்தத் தொழிலில் ஒரு வேலையை ஒழுங்காக முடித்தவருக்குக் கிடைக்கும் பரிசு, இன்னொரு கிழிந்த கோப்புதான்.

செல்வம் அண்ணனும் நானாவும் சீனி டப்பாவின் அளவைக் கைகளால் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாரூக் அதற்குள் முழுதாக வந்து குவிந்திருந்தவற்றிலிருந்து ஒரு மூடியை எடுத்து, இலையைப் பெருவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.