கஞ்சி போட்ட கராத்தே சட்டை

மொட்டைமாடியில் காயும் காட்டன் புடவையிலிருந்து கஞ்சி வாசனை வந்தால், இந்த வயதிலும் எனக்கு விஜயாவை நினைத்து வயிறு எரிகிறது. எண்பதுகளின் கடைசியில், இன்று அடுக்குமாடி எழும்பிவிட்ட ஆவடிப் பள்ளி மைதானத்தில், ஞாயிறு காலைகளில் வெறுங்காலோடு வரிசையாய் நின்று காற்றைக் குத்துவோம். அதில் பருத்திப்பட்டிலிருந்து வரும் விஜயா குத்தினால் மட்டும் சட்டைக்கை டப்பென்று அடிக்கும். எனக்குச் சத்தமே வராது.

"விஜி கைல சத்தம் கீது பாரு. உன் கைல இன்னா கீது?" என்பார் கராத்தே மாஸ்டர்.

அது அவள் அம்மா வடிகஞ்சியில் முக்கிக் காயவைத்த சட்டை, விறைத்த துணிதான் சத்தம் போடுகிறது, அவள் கையில் ஒன்றுமில்லை என்று தேற்றிக்கொண்டேன். என் அம்மாவை நச்சரித்துக் கெட்டியாகக் கஞ்சி போடவைத்தேன். அடுத்த ஞாயிறு என் சட்டை அவளுடையதைவிடப் பலமாக அடித்தது. மாஸ்டரே திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் பள்ளிவிட்டு வரும்போது, கூட்டமான பஸ்ஸில் ஒருவன் என் இடுப்பில் கைவைத்தான். எனக்குக் கை எழவே இல்லை. பக்கத்தில் நின்ற விஜயா விட்டாள் ஒரு குத்து. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினான்.

"இன்னாடி, மரம் மாதிரி நின்னுகினு கீறே?" என்றாள்.

பஸ்ஸே அவளைப் பார்த்தது. நான் நன்றிகூடச் சொல்லவில்லை. துவைத்துத் துவைத்துத் தொளதொளத்துப்போன அவளுடைய சீருடைச் சட்டையில் துளிக் கஞ்சிகூட இல்லையே என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.