வாத்தியார் அறைக்குத் துணை

“...அதுவும் கம்யூனிட்டி காலேஜ். ஹைஸ்கூல்ல ஃபெயில் ஆனதுங்க போற இடம். ரெண்டு பிள்ள பெத்தப்புறம் உனக்கு எதுக்கும்மா படிப்பு?”

மெர்சி ஆன்ட்டி இதைக் கேட்டது அவர்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில்தான். ஆமென் சொன்ன ஈரம்கூட உதட்டில் காயவில்லை. அவர்கள் மருமகள் ஷீபா வடைத் தட்டோடு என்முன் நின்றாள். நான் ஒரு வடையை எடுத்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

அது 1997. அமெரிக்காவில், டெக்சாஸ் பக்கம் சுகர் லேண்டுக்கு வந்து மூன்று வருஷம். நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்கு முதலில் உடற்கூறு பாடத்தில் பாஸாக வேண்டும். முதல் பரீட்சையிலேயே ஃபெயில். பேப்பரைக் கொடுத்த பேராசிரியர், ஆபீஸுக்கு வந்து பார் என்றார். நம் ஊரில் வாத்தியார் அறைக்குக் கூப்பிட்டால் என்ன அர்த்தம்? அப்பாவைக் கூட்டி வா, டி.சி.யை வாங்கிக்கொண்டு போ. நான் போகவில்லை. கடைசி வரிசைக்கு மாறினேன். இரண்டாவது பரீட்சையும் போனது. இன்னொன்று போனால் படிப்பே போச்சு. பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து அழுதேன். ஆன்ட்டி சொன்னது சரிதானோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். மூட வேண்டாம், திறந்தே கிடக்கட்டும் என்று எனக்கொரு வைராக்கியம் வந்தது. அடுத்த கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்டார்கள். வழக்கமாக என்ன சொல்வோம்? மாமியார் முட்டுவலி, கிரீன் கார்டு. ஃபெயிலானதைச் சொல்ல மாட்டோம். பாஸான பிறகு சாட்சியாகச் சொல்வோம். நான் எழுந்து நின்றேன்.

“கம்யூனிட்டி காலேஜ்லதான் படிக்கிறேன். ரெண்டு தடவ ஃபெயில். வாத்தியார் கூப்பிட்டாரு, போகப் பயமா இருக்கு. ஜெபம் பண்ணுங்க.”

ஆன்ட்டி தொண்டையைச் செருமினார். ஜெபித்தார்கள். டீ கொடுக்க வந்த ஷீபா மட்டும் குனிந்து, “அக்கா, அங்க யார் வேணா சேரலாமா?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாள் பார்க்கிங்கில் யாரோ என் கார்க் கண்ணாடியைத் தட்டினார்கள். ரோசா. மெக்சிகோக்காரி, என்னைவிட மூத்தவள், அதே வகுப்பு. தன்னையும் பேராசிரியர் கூப்பிட்டாராம், தனியாகப் போக நடுக்கமாம், கூட வருகிறாயா என்கிறாள். ஆண்டவரிடம் நான் கேட்டது தைரியம். அவர் அனுப்பியதோ என்னைப் போலவே நடுங்குகிற ஒருத்தியை! கையைப் பிடித்துக்கொண்டு போனோம். உள்ளே நாலைந்து பிள்ளைகள் சிப்ஸ் கொறித்தபடி சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றுதான் பேராசிரியரும் கேட்டார்.

அழுத பிள்ளை பால் குடிக்கும். வாராவாரம் போனோம். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எலும்புகளின் பெயரை ஒப்பித்தோம். இரண்டு பேரும் பாஸ். இன்று இரண்டு பேரும் நர்ஸ்.

அன்பானவர்களே, ஜெயித்த பிறகு சொல்லலாம் என்று மூடி வைத்திருக்கிற தோல்வி உங்களிடமும் இருக்கும். இப்போதே ஆண்டவரிடம் சொல்லுங்கள். நாலு பேர் முன்னாலும் சொல்லுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார்.

ரிசல்ட் வந்த வாரம் இந்தச் சாட்சியை முதன்முதலில் சொன்னது மெர்சி ஆன்ட்டி வீட்டில்தான். அவர்கள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். சொல்லி முடித்து உட்கார்ந்தேன். ஆன்ட்டி எழுந்தார். ஷீபா கையிலிருந்த வடைத் தட்டை வாங்கினார்.

“நீ போய் அவ பக்கத்துல உக்காரு. கேக்க வேண்டியதக் கேளு” என்றார். பிறகு ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, தானே வடை பரிமாற ஆரம்பித்தார்.