துருப்பிடிக்கிற இரும்பு

என் கணவருக்குக் கனடாவில் ஒரு மச்சாள் இருக்கிறாள். தாய்மாமன் மகள். ஒரு காலத்தில் அவருக்கென்று பேசி வைத்திருந்த பெண். மாமன் குடும்பம் வெளிநாடு போனதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. பிறகுதான் என்னைக் கட்டினார். இதெல்லாம் பழைய கதை, எனக்கு மனதில் ஒன்றுமில்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொள்வேன்.

போன வருடம் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் அவள் ஒரு சவரக்கத்தி கொடுத்தனுப்பினாள். கறுப்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி. சாதாரண பிளேட்டால் வழித்தால் அவருக்கு முகமெல்லாம் பொரிந்துவிடும், அதனால் இது நல்லது என்று சொல்லியும் விட்டிருந்தாள். அவர் முகம் பொரிவது அவளுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

எங்கள் ஊர் சரவணை, தீவு. வீட்டுக்குக் கடற்காற்று நேரே வரும். துடைக்காமல் வைத்த இரும்பு விடிவதற்குள் பழுப்பேறிவிடும். அதனால் காலையில் முகம் வழித்த பிறகு அவர் அந்தக் கத்திக்குச் செய்யும் பணிவிடை இருக்கிறதே! கழுவி, துடைத்து, தோல்வாரில் இழுத்துத் தீட்டி, ஒரு சொட்டு எண்ணெய் பூசி, பழைய வேட்டித் துண்டில் சுற்றி அலுமாரியில் வைப்பார். பூசுகிற எண்ணெய் என் தையல் மெசினின் எண்ணெய். நான் வைத்த தேத்தண்ணி பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும். கட்டின நாளிலிருந்து என் முழங்காலுக்கு ஒருநாளாவது எண்ணெய் தேய்த்துவிட்டிருப்பாரா?

பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. நானும் ஒரு கத்தி செய்விப்பது என்று முடிவெடுத்தேன்.

அப்பா தெற்கில் இரும்புக்கடை வைத்திருந்தவர். நான் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவள். இரும்பைப் பற்றி எனக்கு யாரும் கதை விட முடியாது. வேலணையில் வள்ளங்களுக்கு ஒட்டு வேலை செய்கிற பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி வள்ளத்து எஞ்சினின் துருப்பிடிக்காத தண்டு ஒன்றை எடுத்துச் சாணையில் வைத்தான். பறக்கிற பொறியைப் பார்த்தே இரும்பின் தரத்தைச் சொல்லிவிடலாம். மங்கலான சிவப்புப் பொறி நாலைந்து விழுந்தது.

"இதுக்கு எண்ணெயே தேவையில்லை அக்கா. மழையிலை கிடந்தாலும் ஒண்டும் ஆகாது."

"கூர் நிக்குமோ?"

"கொஞ்ச நாளைக்கு நிக்கும்" என்று இழுத்தான்.

அடுத்து லொறிச் சில்லுக்கு மேலே அடுக்கியிருக்கும் வில்தகட்டின் துண்டு ஒன்று. பொறி பரவாயில்லை, ஆனால் அது தேங்காய் வெட்டத்தான் சரி. கடைசியில் நான் கொண்டுபோன அரத்தை நீட்டினேன், அப்பாவின் கடையில் மிஞ்சியது. சாணையில் பட்டதும் பொறி கிளை கிளையாக வெடித்துப் பறந்தது.

"கூரெண்டால் இதுதான் கூர்" என்றான். "ஆனால் அக்கா, ஒவ்வொரு நாளும் பாக்கவேணும். விட்டால் துரு திண்டுபோடும்."

"அதுதான் எனக்கு வேணும்."

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். அவனுக்கு என்ன விளங்கும்? என்னை எரித்தது கத்தியல்ல, அந்த எண்ணெய். பராமரிக்கத் தேவையில்லாத கத்தியைக் கொடுத்தால் அதை ஒரு மூலையில் போட்டுவிட்டு அவளுடையதையே தடவிக்கொண்டிருப்பார்.

அரத்தின் பல்லைச் சரியாகத் தேய்க்காமல், பழுக்கக் காய்ச்சி அவன் தண்ணீரில் தோய்த்ததில் முதல் துண்டு வெடித்துப்போனது. அவனோடு சண்டை பிடித்தேன். மீதித் துண்டைப் பல் தெரியாமல் தேய்த்து, எண்ணெயில் தோய்த்து, ஒருவழியாகச் செய்து தந்தான்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாயிருக்கு. இதையும் துடைச்சு வைக்கவேணுமே? நீர் துருப்பிடிக்காத இரும்பிலை செய்விச்சிருக்கலாமே?"

"கிடைக்கேல்லை" என்றேன்.

அதன் பிறகு ஒருநாள் என்னுடையது, ஒருநாள் அவளுடையது. இரண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி முறை வைத்து வழித்தார். எண்ணெயும் சரிபாதி. எனக்கு ஆறவில்லை.

இந்தத் தையில் அவருடைய தமக்கையின் மகளுக்குக் கொழும்பில் கல்யாணம். மச்சாளும் கனடாவிலிருந்து வருகிறாள் என்று தெரிந்தது. என் முழங்காலோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருக்க ஏலாது. அவர் தனியாகப் போனார். எந்தக் கத்தியைப் பையில் வைத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் மரியாதை என்னாவது? அவர் படலையைத் தாண்டியதும் அலுமாரியைத் திறந்தேன்.

வேட்டித் துண்டில் சுற்றி ஒன்றுதான் இருந்தது. கறுப்புப் பிடி. என்னுடையதைக் கொண்டுபோயிருந்தார்.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். நல்லது பத்திரமாக வீட்டில் இருக்கட்டும் என்று விட்டுப் போயிருப்பாரோ? என் புத்தி அப்படித்தான் போகும்.

கல்யாணத்தன்று அவருடைய போனிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் மச்சாளின் குரல்.

"அக்கா, மச்சான் காலமை முகம் வழிச்ச கையோடை கத்தியைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் காட்டித் திரியிறார். 'என்ரை மனிசி இரும்பு தெரிஞ்செடுத்துச் செய்விச்சது' எண்டு சொல்லுறார். நான் அனுப்பினது எங்கையெண்டு கேட்டனான். வீட்டிலை கிடக்காம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்தது எனக்குத் தெரியாததா? போன திருவிழாவிலிருந்து அது என்னிடம்தானே குடியிருந்தது.

"எங்கடை இவருக்கும் அதுமாதிரி ஒண்டு செய்விச்சுத் தருவீங்களோ அக்கா?"

"ஓம், அதுக்கென்ன" என்றேன். "துருவே பிடிக்காத இரும்பிலை செய்விச்சுத் தாறன். உங்கடை அவர் அதைத் திரும்பிப் பாக்கவே தேவையில்லை."